கரையேறிய பின் அரை மணி நேரம்

ஜெட் ஸ்கி வாங்கியவர்கள் முதலில் கேட்பது ஆயிலைப் பற்றித்தான். எந்த ஆயில், எப்போது மாற்ற வேண்டும், கார் ஆயிலையே ஊற்றினால் என்ன? கேட்க வேண்டிய கேள்விகள்தான், அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் கோவளத்திலிருந்து புதுச்சேரி வரை நம் கடற்கரையில் ஓடும் வண்டிகளின் ஆயுள் வேறொன்றில் அடங்கியிருக்கிறது. வண்டியைக் கடலிலிருந்து மேலே ஏற்றிய அடுத்த அரை மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான். வருடா வருடம் எவ்வளவு செலவழித்து சர்வீஸுக்கு விட்டாலும், அந்த அரை மணி நேரத்தில் கோட்டை விட்டதை எந்த மெக்கானிக்காலும் மீட்டுத் தர முடியாது.

காருக்கு ரேடியேட்டர் இருக்கிறது. ஜெட் ஸ்கிக்குக் கடல்தான் ரேடியேட்டர். யமஹா வேவ்ரன்னர், கவாசாகி ஜெட் ஸ்கி இரண்டிலும் பின்னால் உள்ள ஜெட் பம்ப் உறிஞ்சும் தண்ணீரில் ஒரு பங்கு குழாய் வழியாக இன்ஜினுக்குப் போகிறது. சிலிண்டரைச் சுற்றியும் எக்ஸாஸ்ட்டைச் சுற்றியும் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே கொட்டிவிடுகிறது. சீ-டூவின் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்ஜினுக்குள் கூலன்ட் தனியாகச் சுற்றும். வண்டியின் அடியில் இருக்கும் தகடு வழியாக அதன் சூடு தண்ணீருக்குள் இறங்கும். இதை வைத்து, 'என்னுடையது சீ-டூ, கடல் தண்ணீர் உள்ளே போவதே இல்லை, அலச வேண்டியதில்லை' என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வண்டியிலும் எக்ஸாஸ்ட்டைக் குளிர வைப்பது கடல் தண்ணீர்தான். சூப்பர்சார்ஜர் உள்ள மாடலாக இருந்தால் இன்டர்கூலருக்குள்ளும் அதே தண்ணீர்தான் ஓடுகிறது. உள்ளே தங்கிய தண்ணீர் இன்ஜின் சூட்டில் வற்றியதும் உப்பு மட்டும் மிஞ்சும். அது அலுமினியத்தை அரிக்கும், குறுகலான வழிகளில் படிந்து கெட்டிப்படும். அப்புறம் ஒரு நாள் நடுக்கடலில் சூட்டு எச்சரிக்கை அலறும்.

அதனால் ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் நல்ல தண்ணீரால் இன்ஜினை உள்ளே அலச வேண்டும். பத்து நிமிடம் ஓட்டினாலும் அலச வேண்டும். முட்டுக்காடு கழிமுகத்தில் ஓட்டினேன், அது கடல் இல்லையே என்றாலும் அலச வேண்டும். அங்கே உப்போடு சேறும் சேர்ந்து வரும்.

அலசுவதில் வரிசைதான் உயிர். ஹோஸை வண்டியின் ஃப்ளஷ் இணைப்பில் மாட்டுங்கள். அது சீட்டுக்கு அடியில் இருக்கிறதா, பின்புறம் இருக்கிறதா என்பது மாடலைப் பொறுத்தது. முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு தண்ணீரைத் திறங்கள். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூடுங்கள். அதன் பிறகு சில விநாடி ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு அழுத்தி, உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொண்டால் வரிசை ஒருபோதும் மறக்காது. கடலில் இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும், தண்ணீர் உள்ளே வராது. வீட்டுக் குழாய்க்கு அது தெரியாது; இன்ஜின் நின்றாலும் அது தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே தள்ள புகை இல்லாததால் தண்ணீர் எக்ஸாஸ்ட்டில் தேங்கி, மட்டம் உயர்ந்து, திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கிவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அடுத்த முறை செல்ஃப் அடிக்கும்போது மேலே வரும் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் மோதும். கனெக்டிங் ராடு வளையும். ஒரு குழாயைத் தப்பான நேரத்தில் திறந்ததற்கு இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும்.

எவ்வளவு நேரம் அலசுவது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். யமஹா கையேடு, ஐட்லிங்கில் 3 நிமிடம் அளவுக்குச் சொல்கிறது. சீ-டூவின் பல கையேடுகள் 2 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன; டிரைவ் ஷாஃப்ட் சீலைக் குளிர வைப்பது வண்டியின் அடியில் இருக்கும் தண்ணீர், கரையில் அது கிடையாது. தண்ணீர் தராமல் இன்ஜினை 15 விநாடிக்கு மேல் ஓட விடாதீர்கள். எக்ஸாஸ்ட்டின் ரப்பர் இணைப்புகள் உருகுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. இதையெல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள். ஷெட்டுக்குள் கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, வெளிநாட்டுக் கையேடு எதிலும் அது இருக்காது. கடலோரத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரால் அலசிவிட்டு 'தினமும் ஃப்ளஷ் செய்கிறேன், எப்படி அரித்தது?' என்று கேட்பவர்கள் அதிகம். ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கரித்தால் அது இன்ஜினுக்கும் ஆகாது. லாரித் தண்ணீரோ பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரோ ஒரு சின்டெக்ஸ் டேங்க்கில் தனியாகப் பிடித்து வையுங்கள். டேங்க் தாழ்வாக இருந்தால் அழுத்தம் போதாது, தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். ஒரு சிறிய மோட்டாரை நடுவில் வையுங்கள். வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய துளையிலிருந்து தண்ணீர் ஒழுங்காகப் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள், அந்தத் துளை இருக்கும் மாடல்களில். கடலில் ஓட்டும்போதும் அதன் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

அலசி முடிந்ததும் பின்னால் இருக்கும் இரண்டு டிரெயின் பிளக்கையும் கழற்றி, பின்பக்கம் சாய்வாக வண்டியை நிறுத்துங்கள். சீட்டைத் தூக்கி இன்ஜின் அறையை அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன் வேண்டாம், அது கனெக்டர்களுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும். காய்ந்ததும் துரு தடுக்கும் ஸ்பிரேயை உலோகப் பாகங்கள் மேல் அடியுங்கள். சீட்டைத் திறந்தே வையுங்கள். மூடி வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் இரவு முழுக்க வெந்து, காலையில் பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கும்.

இனி ஆயில். கடலில் கியரும் இல்லை, இறக்கமும் இல்லை. எப்போதும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 8,000 சுற்றை நெருங்கும் இன்ஜின்கள் இவை. காரின் கணக்கு இங்கே பொருந்தாது. யமஹாவில் புது வண்டிக்கு முதல் 10 மணி நேரத்தில் ஒருமுறை, அதன் பின் 100 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். மற்ற கம்பெனிகளும் பெரும்பாலும் இதையே ஒட்டித்தான் வருகின்றன. சொந்தமாக வைத்து ஞாயிறு மட்டும் ஓட்டுபவருக்கு வருடம் முந்தும். வாடகைக்கு விடுபவர் தினமும் 4 மணி நேரம் ஓட்டினால் 25 நாளிலேயே 100 மணி நேரம் வந்துவிடும். அவர்கள் காலண்டரைப் பார்க்கவே கூடாது, மணி மீட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

அடியில் கழற்றிவிட வசதியாக டிரெயின் நட்டு இருக்காது. டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் குழலை விட்டு உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள். சூப்பர்சார்ஜர் உள்ள வண்டிக்குக் கையேடு சொன்ன ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். பழைய சீ-டூக்களில் சூப்பர்சார்ஜரின் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் மருந்து அந்தக் கிளட்சை வழுக்க வைத்துவிடும்.

ஆயிலின் அளவைப் பார்ப்பதோடு அதன் நிறத்தையும் பாருங்கள், ஓட்டப் போகும் ஒவ்வொரு நாளும். டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். தேன் நிறத்திலிருந்து கருப்பு வரை எதுவும் இருக்கலாம், கவலையில்லை. பால் விட்ட டீ மாதிரி கலங்கி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. மழைக்காலத்தில் கொஞ்ச நேரமே ஓடும் வண்டியில் ஆயில் மூடியின் உள்பக்கம் மட்டும் லேசாக வெளுத்திருக்கும். அது ஈரம் படிந்தது, நன்றாகச் சூடேற ஓட்டினால் போய்விடும். டிப்ஸ்டிக்கிலேயே வெளுப்பு ஏறியிருந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

தண்ணீர் புகுவது பெரும்பாலும் வண்டி கவிழும்போதுதான். கவிழ்ந்த வண்டியை எந்தப் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்று பின்புறம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எதிர்ப்பக்கமாகப் புரட்டினால் எக்ஸாஸ்ட்டில் நிற்கும் தண்ணீர் இன்ஜினுக்குள் ஓடிவிடும். ஸ்டிக்கர் வெளுத்துப் போயிருந்தால் புதிது வாங்கி ஒட்டுங்கள், வாடகை வண்டிக்கு இது கட்டாயம். தண்ணீர் குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அன்றே, சில மணி நேரத்துக்குள், மெக்கானிக் கையில் ஒப்படையுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி சிலிண்டரைக் காலி செய்து, உள்ளே எண்ணெய் அடித்து, ஆயிலை வெளுப்பு போகும்வரை திரும்பத் திரும்ப மாற்றி, அன்றைக்கே இன்ஜினை ஓட வைக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் சிலிண்டர் சுவரில் ஒரே இரவில் துரு பிடித்துவிடும்.

ஸ்பார்க் பிளக்கை 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், விலை பெரிதல்ல. கழற்றியதைத் தூக்கி எறியும் முன் முனையைப் பாருங்கள். லேசான பழுப்பு நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெளுத்திருந்தால் குறைவாகப் போகிறது அல்லது சூடு ஏறுகிறது. அடிப்பக்கம் உப்புப் பூத்து இறுகியிருந்தால் வலுக்கட்டாயமாகத் திருக வேண்டாம், எண்ணெய் விட்டு ஊற வையுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கவலை இருக்கிறது. பெரும்பாலான ஜெட் ஸ்கி கையேடுகள் அனுமதிப்பது 10 சதவீத எத்தனால் வரைதான். நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது சாதாரணமாகக் கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோர டேங்க்கில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். உங்கள் மாடலுக்கு 20 சதவீதம் ஏற்குமா என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறைந்த எத்தனால் உள்ள பெட்ரோல் பக்கத்தில் கிடைத்தால் விலை கூட இருந்தாலும் அதையே போடுங்கள். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் நிரப்புங்கள், கேனில் வாரக் கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். ஆக்டேன் எண்ணிலும் ஏமாந்துவிடாதீர்கள்: அமெரிக்கக் கையேட்டில் 91 என்று போட்டிருந்தால் நம் கணக்கில் அது 95.

ஜெட் பம்பை மாதம் ஒருமுறையாவது டார்ச் அடித்துப் பாருங்கள். இம்பெல்லரின் விளிம்புக்கும் அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் புதிதில் அரை மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. கரையோர மணலை ஒருமுறை உறிஞ்சினாலே அது தேய ஆரம்பிக்கும். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் இங்கேதான் தேட வேண்டும். மணலில் வைத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். அடியில் 90 சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கும் இடம்வரை தள்ளிக்கொண்டு போங்கள். வலை நைலானோ பிளாஸ்டிக் பையோ சிக்கிக்கொண்டால் இன்ஜினை நிறுத்தி, சேஃப்டி கயிற்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே கை விட வேண்டும். அரிப்பைத் தான் வாங்கிக்கொள்வதற்காக ஒரு துண்டு உலோகம் அடியில் பொருத்தியிருப்பார்கள். பாதி கரைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பலர் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டு, உறைந்துவிடும் என்று பயந்து, வெளிவழிகளில் ஆன்டிஃப்ரீஸ் ஊற்ற வேண்டாம், இங்கே அதற்கு வேலை இல்லை. நிறுத்தும் முன்பே ஆயிலை மாற்றுங்கள், பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். பெட்ரோலில் ஸ்டெபிலைசர் கலந்து, ஹோஸ் மாட்டி, லைன் முழுக்க அது போகும் அளவுக்கு ஓட்டுங்கள். சிலிண்டருக்குள் துரு தடுக்கும் எண்ணெய் அடியுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே போகும்போதெல்லாம் சார்ஜ் போடுங்கள். காற்று உள்ளே போகும் வழிகளில் துணி அடைத்தால், அடைத்திருப்பதை ஒரு தாளில் எழுதி ஹேண்டில் மேல் ஒட்டிவிடுங்கள். எலி கூடு கட்டாமல் இருக்கும், எடுக்கவும் மறக்காது.

ஜனவரியில் மறுபடி இறக்கும் நாளில் துணியை எடுங்கள், சீட்டைத் திறந்து சில நிமிடம் காற்றாட விடுங்கள், குனிந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை சாவியைத் தொடாதீர்கள். வாடை இல்லையென்றால் ஆயிலையும், கூலன்ட் உள்ள வண்டியில் அதையும் பார்த்துவிட்டு, பின்னால் போய் இரண்டு டிரெயின் பிளக்கும் இறுக்கியிருக்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். அதன் பிறகு டிரெய்லரைத் தண்ணீருக்குள் விடலாம்.