தொட்டியருகே உட்கார்ந்த நபித்தோழர்



வாழ்க்கையில் உங்களுக்குக் கிடைத்த விலைமதிப்பற்ற உபதேசம் எது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு உபதேசம் செய்யும்படி கேட்டார். கோபப்பட வேண்டாம் என்றார்கள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. நாமாக இருந்தாலும் மறுபடி கேட்டிருப்போம். இவ்வளவு தூரம் வந்தோமே, இன்னும் பெரிதாக ஏதாவது சொல்ல மாட்டார்களா என்றுதான் மனது எதிர்பார்க்கும். முஸ்னத் அஹ்மதில் வரும் அறிவிப்பில், உபதேசம் கேட்டவர் பிறகு அதை யோசித்துப் பார்த்ததாகவும், தீமைகள் அனைத்தும் கோபத்துக்குள் அடங்கியிருக்கக் கண்டதாகவும் வருகிறது.

அபூதர் (ரலி) அவர்களைப் பாருங்கள். ஒரு முறை கோபத்தில், ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்தி விட்டார்கள். அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறது என்று நபியவர்கள் கண்டித்தார்கள். இதுவும் புகாரியில் உள்ளதுதான்.

அதே அபூதர் (ரலி) அவர்கள் வேறொரு நாள் தமது தொட்டியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சிலர் வந்தார்கள். அபூதரைச் சீண்டிப் பார்ப்பது யார் என்று தங்களுக்குள் பேச்சு. ஒருவன் முன்வந்து, தன் கால்நடைகளை ஓட்டிவந்து அந்தத் தொட்டியை உடைத்துவிட்டான். நின்றுகொண்டிருந்த அபூதர் (ரலி) அவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். பிறகு படுத்துவிட்டார்கள்! ஏன் இப்படி என்று கேட்டதற்கு, நிற்கும்போது கோபம் வந்தால் உட்காரவும், அதிலும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளவும் நபியவர்கள் தங்களுக்குச் சொன்னதாகப் பதில் கூறினார்கள். முஸ்னத் அஹ்மதில் முழுச் சம்பவமும் உள்ளது. உபதேசம் மட்டும் அபூதாவூதிலும் வருகிறது.

நிற்பவனின் கையும் காலும் அடிக்கத் தயாராக இருக்கும், உட்கார்ந்தவனுக்கு அந்த வேகம் குறையும், படுத்தவனுக்கு இன்னும் குறையும் என்று இமாம் கத்தாபீ (ரஹ்) விளக்கம் எழுதுகிறார்கள். கோபம் போன பிறகுதான் உட்கார வேண்டும் என்றில்லை. அபூதர் (ரலி) அவர்கள் உட்கார்ந்தபோது கோபம் போகவில்லை. அதனால்தான் படுக்க வேண்டியிருந்தது.

எனக்குக் கிடைத்த உபதேசத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓதி முடித்து ஊருக்குப் புறப்பட்ட அன்று என் உஸ்தாத் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். பிள்ளைகள் மீது கோபம் வந்தால் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு உட்காரு, அதன் பிறகு பேசு என்றார்கள். இத்தனை வருடம் ஓதியதற்கு இவ்வளவுதானா என்று உள்ளுக்குள் ஏமாற்றமாக இருந்தது.

போன மாதம் மக்தபில் ஒரு சிறுவன் பாடம் ஒப்பிக்காமல் நின்றான். நானும் நின்றுகொண்டிருந்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் கத்திவிட்டேன். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு அவன் வீட்டுக்குப் போய், திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தான்.