சொல்லி வைப்பதும் ஓர் அறமே

மகனின் படிப்பு, மகளின் திருமணம், ஓய்வுக்குப் பின் எந்த ஊரில் வாசம் என்பதையெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே யோசித்து முடிவு செய்கிறோம். சொத்துக்கு உயில் எழுதி வைக்கிறோம். ஆனால் நிச்சயமாக வரப்போகும் ஒன்றைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் மட்டும், 'அபசகுனமாகப் பேசாதீர்கள்' என்று வாயை அடைத்துவிடுகிறோம். உலகில் மிகப் பெரிய வியப்பு எது என்று மகாபாரதத்தில் யக்ஷன் கேட்கிறான். நாள்தோறும் உயிர்கள் மறைவதைக் கண்டும், எஞ்சியிருப்பவர்கள் தாம் மட்டும் நிலைத்திருப்போம் என்று எண்ணுவதே அந்த வியப்பு என்கிறார் தருமபுத்திரர். அந்த விடை இன்றும் நமக்குப் பொருந்துகிறது.

முற்காலத்தில் பெரும்பாலோரின் இறுதி வீட்டில்தான் நிகழ்ந்தது. சுற்றிலும் உற்றார் இருந்தனர். காதில் இறைநாமம் ஒலித்தது. மருத்துவத்தால் செய்யக் கூடியது அன்று குறைவு. ஆதலால் முடிவெடுக்க வேண்டியதும் குறைவு. இன்று நிலைமை வேறு. செயற்கைச் சுவாசக் கருவி, டயாலிசிஸ், குழாய் வழி உணவு ஆகியவை எத்தனையோ உயிர்களை மீட்டுத் தருகின்றன. அவற்றுக்கு நாம் நன்றி செலுத்த வேண்டும். ஆனால் மீளவே இயலாத நோயில் அதே கருவிகள் உயிரைக் காப்பதில்லை. மரணத்தை நீட்டிக்கவே செய்கின்றன.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். எண்பது வயதுத் தந்தை நினைவிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். 'கருவி பொருத்தலாமா, வேண்டாமா?' என்று மருத்துவர் கேட்கிறார். அருகில் இருந்து பணிவிடை செய்த மகள், 'அப்பாவை இனி வருத்த வேண்டாம்' என்கிறாள். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் மகன், 'எவ்வளவு செலவானாலும் சரி, எல்லாம் செய்யுங்கள்' என்கிறான். இருவருக்கும் தந்தையின் மேல் அன்பு இருக்கிறது. அவர் எதை விரும்புவார் என்பது மட்டும் இருவருக்கும் தெரியாது. எந்த முடிவை எடுத்தாலும், 'தவறு செய்துவிட்டோமோ' என்ற உறுத்தல் பல ஆண்டுகள் தொடரும். உடன்பிறந்தவர்கள் பேசாமல் போவதும் உண்டு. அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தகுதியுடையவர் ஒருவரே. அவரால் இப்போது பேச இயலாது. பேச இயன்ற நாட்களில் அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பரீக்ஷித்து காட்டிய வழி

ஏழாம் நாள் மரணம் என்று அறிந்ததும் பரீக்ஷித்து மன்னர் செய்தவற்றைப் பாகவதம் கூறுகிறது. அரசைத் தம் மகன் ஜனமேஜயனிடம் ஒப்படைத்தார். கங்கைக்கரையில் அமர்ந்தார். இறக்கப் போகிறவன் செய்ய வேண்டியது என்ன என்று சான்றோரிடம் கேட்டார். சுகமுனிவரிடம் பகவானின் கதையைக் கேட்டார். பொறுப்புகளை முதலில் ஒழுங்கு செய்தார். அதன் பிறகே மனத்தை இறைவனிடம் திருப்பினார். இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். நமக்கு நாள் குறித்துச் சொல்வார் எவருமில்லை. ஆகவே நாம் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டியவர்கள்.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

மும்பையில் 1973-இல் கொடிய தாக்குதலுக்கு ஆளான ஒரு செவிலியர், தன்னுணர்வு திரும்பாத நிலையில் 2015 வரை மருத்துவமனையிலேயே இருந்தார். அவர் தொடர்பான வழக்கில் 2011-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பயனற்ற உயிர்காப்புச் சிகிச்சையை உயர் நீதிமன்றத்தின் அனுமதியுடன் விலக்கலாம் என்று கூறியது. பின்னர் 2018 மார்ச் 9 அன்று, 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்துடன் இறப்பதும் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. 'லிவிங் வில்' எனப்படும் முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தலும் அப்போதுதான் ஏற்கப்பட்டது. அதன் நடைமுறை கடினமாக இருந்ததால், 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றம் அதை எளிமையாக்கியது.

இதன் முக்கியக் கூறுகள் வருமாறு:

1. மனத்தெளிவுள்ள, வயதுவந்த எவரும் பிறர் வற்புறுத்தலின்றி இதை எழுதலாம்.

2. குணமாகும் நம்பிக்கையற்ற இறுதி நிலையில், தாமே முடிவெடுக்க இயலாதபோது, எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

3. தம் சார்பில் முடிவு சொல்ல வேண்டிய பாதுகாவலர் அல்லது நெருங்கிய உறவினரின் பெயரை எழுத வேண்டும். ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம்.

4. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம் பெற வேண்டும். முன்பு இருந்ததுபோல நீதித்துறை நடுவரின் மேலொப்பம் இப்போது தேவையில்லை.

5. பெயர் குறிப்பிடப்பட்டவர்களிடமும், குடும்ப மருத்துவர் இருந்தால் அவரிடமும் பிரதி கொடுக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்பின் உரிய அதிகாரியிடமும் ஒரு பிரதி சேர வேண்டும்.

6. எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் இதை மாற்றலாம், திரும்பப் பெறலாம்.

இந்தப் பத்திரத்தைக் காட்டியவுடன் கருவியை அகற்றிவிட மாட்டார்கள். மருத்துவமனையின் முதல்நிலைக் குழு நோயாளியைப் பரிசீலிக்கும். அதில் இல்லாத மருத்துவர்களைக் கொண்ட இரண்டாம் குழுவும் அதை உறுதி செய்ய வேண்டும். பெயர் குறிக்கப்பட்டவர்களின் இசைவு வேண்டும். பின்பு நீதித்துறை நடுவருக்குத் தெரிவித்த பிறகே சிகிச்சை விலக்கப்படும். முதியவரின் சொத்துக்காக எவரேனும் அவசரப்படுவார்களோ என்ற அச்சத்திற்கு இவை காவல்.

எழுத்து இல்லாதபோதும் உறவினரின் இசைவோடு இத்தகைய குழுக்கள் முடிவெடுக்க வழி உண்டு. ஆனால் நோயாளியின் விருப்பத்தை ஊகிக்கும் சுமை அப்போது குடும்பத்தின் மேல் விழுகிறது.

சில ஐயங்கள்

'இது தற்கொலை ஆகாதா?' என்று அன்பர்கள் கேட்பதுண்டு. ஆகாது. தற்கொலையில் மரணத்தை வரவழைக்கும் நோக்கம் இருக்கிறது. இங்கே மரணத்திற்குக் காரணம் நோய். பயன் தராத தலையீடு வேண்டாம் என்பது மட்டுமே நம் சொல். மருந்து செலுத்தி உயிரைப் போக்குவதை நம் சட்டம் அனுமதிக்கவில்லை. நோக்கத்தைக் கொண்டே செயலின் தர்மத்தை மதிப்பிட வேண்டும் என்பது நம் மரபு அறிந்ததுதான்.

'பிராரப்தத்தை அனுபவித்துத்தானே தீர வேண்டும்?' என்பது அடுத்த கேள்வி. பிராரப்தம் என்பதற்காகப் பசித்தவனுக்கு நாம் சோறு மறுப்பதில்லை. காய்ச்சலுக்கு மருந்து மறுப்பதுமில்லை. துன்பத்தை நீக்க முயல்வது நம் கடமை. மருத்துவம் பயன் தராது என்றான பிறகு, உடலை அதன் போக்கில் விடுவது கர்ம விதிக்கு எப்படி மாறாகும்?

'சிகிச்சை வேண்டாம் என்றால் கைவிட்டுவிடுவார்களோ?' இந்த அச்சம் இயல்பானது. இங்கே வலி தணிப்புச் சிகிச்சையைப் பற்றி அறிய வேண்டும். மும்பையில் 1986-இல் 'சாந்தி அவேதனா' இல்லமும், கோழிக்கோட்டில் 1993-இல் வலி தணிப்புச் சங்கமும் தொடங்கின. கேரளத்தில் இன்று தன்னார்வலர்களும் செவிலியர்களும் வீடு தேடிச் சென்று நோயாளிகளைப் பராமரிக்கின்றனர். வலி, மூச்சுத்திணறல், படுக்கைப்புண் ஆகியவற்றுக்குக் கடைசி மூச்சு வரை கவனிப்பு உண்டு. ஆகவே 'கருவிகள் வேண்டாம்' என்று எழுதும்போதே, 'வலியைத் தணிக்க வேண்டியவை அனைத்தும் வேண்டும்' என்றும் சேர்த்து எழுதுவது நல்லது.

வீட்டில் எப்படிப் பேசுவது?

நோய் முற்றிய பின் அல்ல, ஆரோக்கியமாக இருக்கும்போதே பேச வேண்டும். பெரியவர்கள் தாமே தொடங்கினால் பிள்ளைகளின் தயக்கம் நீங்கும். பிள்ளைகள் தொடங்குவதானால் முதலில் தங்கள் விருப்பத்தைச் சொல்லிவிட்டு, 'அப்பா, உங்கள் மனத்தில் இருப்பதைச் சொல்லி வைத்தால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்' என்று பணிவுடன் கேட்கலாம். பதில் சொல்லாமல் எழுந்து போனால் வருந்த வேண்டாம். சில வாரங்களுக்குப் பின் அவரே பேச்சைத் தொடரக்கூடும். பேசும்போது மகன், மகள், மருமகள் அனைவரும் உடனிருப்பது நல்லது. ஒருவரிடம் மட்டும் சொன்னால், அவர் சொல்வதை மற்றவர் பிற்பாடு நம்ப மறுக்கலாம்.

மருத்துவம் சாராத விருப்பங்களும் உண்டு. இறுதி நாட்கள் வீட்டிலா, மருத்துவமனையிலா? அருகில் யார் இருக்க வேண்டும்? என்ன பாராயணம் ஒலிக்க வேண்டும்? கண் தானம் செய்வதானால் இறந்த ஆறு மணி நேரத்திற்குள் கண்களை எடுக்க வேண்டும். குடும்பத்தினர் முன்பே அறிந்திராவிட்டால் அந்த நேரம் அழுகையிலேயே கழிந்துவிடும். ஈமச் சடங்குகளை எளிமையாகச் செய்தால் போதும் என்பவரும் அதைச் சொல்லி வைக்கலாம். கடன் வாங்கிச் செலவு செய்யும் நிலை பிள்ளைகளுக்கு வராது.

இறுதிக் கணத்தின் நினைவே அடுத்த கதியைத் தீர்மானிக்கிறது என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் உபதேசிக்கிறது. வாழ்நாள் முழுவதும் பழகிய நினைவே அப்போது வரும் என்பதும் அதிலேயே அடங்கியுள்ளது. இறைநாமத்தைப் பழகுவது நம் அகத்தின் ஆயத்தம். விருப்பத்தைச் சொல்லி வைப்பது, அந்த நேரத்தில் நம்மைச் சுற்றி நிற்பவர்கள் வாதிடாமல் நம் கையைப் பற்றிக்கொண்டு பிரார்த்திக்க உதவும்.

சிந்தனைக்கு

1. நான் பேச இயலாத நிலையில் எனக்காகப் பேச யாரை நம்புகிறேன்? அது அவருக்குத் தெரியுமா?

2. உயிருடன் இருப்பதில் எனக்கு எது முக்கியம்: உறவினரை அறிந்துகொள்வதா, வலியின்மையா, சொந்த வீட்டில் இருப்பதா?

3. என் பெற்றோரின் விருப்பத்தை நான் அறிவேனா, அல்லது அறிந்ததாக எண்ணிக்கொண்டிருக்கிறேனா?

இந்த மாதம் ஒரு நாள் மாலை வழிபாடு முடிந்ததும், குடும்பத்துடன் அமர்ந்து இக்கேள்விகளில் ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.