பெட்டியில் விளக்கு எரியுது, இன்டர்நெட் ஏன் வரவில்லை?



2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு பிள்ளைகளின் படிப்பு கைபேசிக்குள் போய்விட்டது. சிக்னல் இல்லாத மலைப்பகுதிப் பிள்ளைகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. 2021இல் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டு வழியே நடந்து, பாறை உச்சியில் ஏறி இருந்து பாடம் பார்த்தார்கள். அந்தச் செய்தி வெளிநாடுகளுக்கும் போனது.

இன்று எல்கடுவ, இரத்தோட்டை, கம்மடுவ பக்கத்து லயங்களிலும் சிம் போடுகிற ரவுட்டர் பெட்டி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கடன்பட்டு வாங்கியவர்களும் உண்டு. அது நின்றுபோனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாத்தளை டவுனுக்கு ஓடுகிறோம். ஒரு நாள் பேர் போகிறது, பஸ் காசும் போகிறது. போய்ப் பார்த்தால் பல நேரம் குற்றம் பெட்டியிலேயே இருக்காது. ஆகவே, காசு செலவழிக்கும் முன் குற்றம் எங்கே என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கும் முறையை இந்தப் பாடத்தில் படிப்போம்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது

பீலியில் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? உடனே பீலியைக் கழற்றிப் போட மாட்டோம். மேலே தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, நடுவில் குழாய் உடைந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இதுவும் அதே மாதிரிதான்.

இன்டர்நெட் நம் கைக்கு வர இரண்டு பாதை இருக்கிறது. டவரிலிருந்து பெட்டிக்கு வருவது முதல் பாதை. பெட்டியிலிருந்து போனுக்கு வருவது இரண்டாம் பாதை. இந்த இரண்டாம் பாதைக்குத்தான் வைஃபை என்று பெயர். போனில் தெரிகிற விசிறி மாதிரி அடையாளம் காட்டுவது இரண்டாம் பாதையின் பலத்தை மட்டும்தான். விசிறி நிறைய இருந்தாலும் டவரிலிருந்து பெட்டிக்கு ஒன்றும் வராமல் இருக்கலாம். "சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா வேலை செய்யல்ல" என்று நாம் குழம்புவது இதனால்தான்.

வரிசையாகப் பார்க்கும் முறை

1. கரண்ட். பெட்டியில் ஒரு விளக்கும் எரியாவிட்டால் ப்ளக், சுவிச், வயர் மூன்றையும் பாருங்கள். அதே ப்ளக்கில் போன் சார்ஜரைப் போட்டுப் பார்த்தால் ப்ளக்கில் குற்றமா என்று தெரிந்துவிடும். ப்ளக் சரி என்றால் அடாப்டர் பழுதாகியிருக்கலாம். புதிய அடாப்டர் வாங்கும்போது பழையதில் எழுதியுள்ள வோல்ட் அளவு அதேயாக இருக்கணும். அம்பியர் அளவு அதே அல்லது கூட இருக்கலாம், குறையக் கூடாது. ஊசியும் சரியாகப் பொருந்தணும். பழைய அடாப்டரைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

2. ஒரு தடவை நிறுத்திப் போடுதல். பெட்டியை நிறுத்தி, ப்ளக்கையும் கழற்றி, அரை நிமிடம் பொறுத்துத் திரும்பப் போடுங்கள். ஐந்து நிமிடம் கையை வைக்காமல் விடுங்கள். பெட்டி டவரோடு புதிதாகத் தொடர்பு எடுக்கும். பாதிக் குற்றம் இதிலேயே தீரும். ஆனால் ஊசியால் குத்துகிற சின்ன ஓட்டை ஒன்று இருக்கும், அதைத் தொட வேண்டாம். அதைக் குத்திப் பிடித்தால் வைஃபை பெயர், பாஸ்வேர்ட், மற்ற அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடும்.

3. டேட்டா. பில் கட்டியாச்சா, டேட்டா மிச்சம் இருக்கா என்று பாருங்கள். சில பெக்கேஜில் பகல் டேட்டா வேறு, இரவு டேட்டா வேறு. இரவு டேட்டா மிச்சம் இருந்தாலும் பகலில் அது உதவாது. பிள்ளை வகுப்புக்கு வைத்ததை வீட்டார் படம் பார்த்து முடித்துவிடுவதும் நடக்கிறது.

4. டவர் சிக்னல். அதே கம்பனி சிம் உள்ள ஒரு போனில் வைஃபையை நிறுத்திவிட்டு, பெட்டி இருக்கும் இடத்திலேயே பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் குற்றம் டவர் பக்கம் என்று எண்ணலாம். கரண்ட் போனால் டவர் பேட்டரியில் ஓடும், பேட்டரி இறங்கினால் டவரும் நிற்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டியபோது நாடு முழுக்க இதை அனுபவித்தோம்.

நம் பக்கம் இன்னொரு கஷ்டமும் உண்டு. நக்கிள்ஸ் மலைச் சரிவுகளில் டவருக்கும் லயத்துக்கும் நடுவில் மலை நின்றால் சிக்னல் குறையும். கூரைத் தகரமும் சிக்னலைத் திருப்பி அடிக்கும். ஆகவே பெட்டியை காம்பராவின் நடுவிலோ, டி.வி.க்குப் பின்னாலோ, அலுமாரிக்குள்ளோ வைக்காதீர்கள். ஜன்னல் ஓரத்தில், தகரத்துக்கு ஒட்டாமல், ஆள் உயரத்தில் வையுங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஐந்து நிமிடம் வைத்து, சிக்னல் விளக்கு எங்கே கூட எரியுது என்று பாருங்கள். மழைத் தண்ணீரும் அடுப்புப் புகையும் படாத இடமாக இருக்கட்டும்.

5. வைஃபை. ஒரு போனில் மட்டும் வரவில்லை, மற்றப் போனில் வருகிறது என்றால் குற்றம் அந்தப் போனில்தான். அதில் வைஃபை பெயரை அழித்து, பாஸ்வேர்டைத் திரும்பப் போடுங்கள். போனில் திகதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். அது பிழைத்திருந்தால் பல தளங்கள் திறக்காது. பெட்டி இரண்டு பெயர் காட்டினால், 5ஜி என்று முடியும் பெயர் வேகமானது, ஆனால் சுவர் தாண்டி அதிக தூரம் போகாது. அடுத்த காம்பராவில் இருந்து படிக்கிற பிள்ளைக்கு மற்றப் பெயரே நல்லது.

6. வேகம் குறைவு. பின்னேரம் எல்லாரும் வேலை முடிந்து வந்து போனை எடுக்கும்போது டவரில் நெரிசல் கூடும். பாட வீடியோ, வினாத்தாள் போன்றவற்றை விடியற்காலையில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்கும் வைஃபை கொடுப்பது நல்ல காரியம். ஆனால் வகுப்பு நேரத்தில் மற்றவர்கள் படம் பார்க்காமல் இருக்க வீட்டுக்கு வீடு பேசி முடிவெடுங்கள்.

இடி மின்னல் கவனம்

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி நம் மாவட்டத்தில் அதிகம். வானம் இருட்டும்போதே ப்ளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை மட்டும் நிறுத்தினால் போதாது. தொலைபேசி வயர் அல்லது கூரை அன்டனா இருந்தால் அதையும் முன்கூட்டியே கழற்றுங்கள். இடி தொடங்கிய பிறகு வயரைத் தொடவே கூடாது. பெட்டி போனால் வாங்கலாம், உயிர் அப்படியல்ல.

எல்லாம் பார்த்தும் சரி வராவிட்டால்

பில்லில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து, தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். எந்த விளக்கு எரியுது, எப்போதிருந்து இல்லை, என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தைத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லியும் கம்பனி கவனிக்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அப்போது அந்த இலக்கம்தான் நமக்குச் சாட்சி.

பாடத்தைச் சரிபார்ப்போம்

கேள்வி: லயத்தில் மூன்று போனிலும் விசிறி அடையாளம் நிறைய இருக்கு, ஒன்றிலும் இன்டர்நெட் இல்லை. குற்றம் எந்தப் பாதையில்?
பதில்: முதல் பாதையில். டேட்டாவையும் டவர் சிக்னலையும் பாருங்கள்.

கேள்வி: அண்ணன் போனில் வருது, தங்கச்சி போனில் வரல்ல. பெட்டியை டவுனுக்குக் கொண்டுபோகணுமா?
பதில்: வேண்டாம். தங்கச்சி போனைப் பாருங்கள்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். பெட்டி நன்றாக வேலை செய்யும்போது எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று ஒரு துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் நிறம் வேறு வேறு. நின்றுபோன நாளில் அந்தத் துண்டைப் பார்த்தாலே எந்த விளக்கு மாறியிருக்கிறது என்று விளங்கிவிடும். வீட்டில் படிக்கிற பிள்ளையை வைத்தே எழுதுங்கள். அடுத்த தடவை அந்தப் பிள்ளையே குற்றத்தைக் கண்டுபிடிக்கும். உங்கள் ஒரு நாள் பேரும் மிச்சமாகும்.