தமிழ் விக்கிப்பீடியாவும் பாடபேதமும்

பொருநை நதிக்கரையிலுள்ள ஆழ்வார்திருநகரி யான் பிறந்து வளர்ந்த ஊர். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவர்க்கு அவ்வூரின் பெயர் இரண்டு காரணங்களால் அறிமுகமாகியிருக்கும். நம்மாழ்வார் தோன்றிய குருகூர் அதுவே என்பது ஒன்று. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டுச் சுவடியைத் தேடி அங்கு வந்தார் என்பது மற்றொன்று. லக்ஷ்மண கவிராயர் வீட்டிலிருந்த ஏடுகளையெல்லாம் புரட்டியும் வேண்டியது கிட்டாமையால் ஐயரவர்கள் மனம் சோர்ந்தார்கள் என்பதும், பின்னர்க் கவிராயருடைய மாமனார் தேவபிரான் கவிராயர் வீட்டிலிருந்து அச்சுவடி வந்து சேர்ந்தது என்பதும் அவர்களே தம் சரித்திரத்தில் எழுதியுள்ள செய்திகள். பத்துப்பாட்டு 1889-ஆம் ஆண்டில் அச்சேறிற்று.

ஐயரவர்கள் ஒரு சுவடியிற் கண்டதை அப்படியே அச்சிட்டு அமைபவர்களல்லர். பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பொருத்தமான பாடத்தை மூலத்திற் கொண்டு, வேறுபட்டவற்றைப் பாடபேதமாகக் குறித்து வைத்தார்கள். தாம் தள்ளிய பாடத்தையும் படிப்போர் காண வேண்டும் என்பது அவர்கள் கருத்து. இதனை வகுப்பிற் பலமுறை கேட்டிருந்தும், இதன் அருமையை யான் உணர்ந்தது சென்ற விடுமுறையிலேதான். அதுவும் ஓர் ஏட்டைக் கையில் எடுத்தன்று, தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையைத் திருத்தப் புகுந்து தோல்வியுற்றதனால்.

தமிழிற் கலைக்களஞ்சிய முயற்சி புதிதன்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902-இலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இலும் வெளிவந்தன. இவை ஒவ்வொன்றும் ஒருவர் உழைப்பின் பயன். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியமோ பல அறிஞர் எழுதியதாயினும், எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது என்று முடிவு செய்தற்கு ஓர் ஆசிரியர் குழு இருந்தது. கருத்து மாறுபாடு இருந்திருப்பின், அஃது அக்குழுவின் அறைக்குள்ளேயே அடங்கியிருக்கும். படிப்போர் கண்டது முடிந்த முடிபை மட்டுமே.

விக்கிப்பீடியாவின் வழி இதற்கு நேர்மாறானது. ஆங்கிலத்தில் 2001 சனவரியிலும், தமிழில் 2003 செப்டம்பரிலும் அது தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பரில் அதிற் சேர்ந்த இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்திற் பிறந்து அமீரகத்திற் பணிபுரிந்த கட்டடக் கலைஞர். இணையப் பக்கத்தின் ஏவற்சொற்களைத் தமிழாக்கியதோடு, தொடக்க காலத்தில் அதனைப் பெரும்பாலும் தனியராகவே தாங்கியவரும் அவரே. கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதினை அவருக்கு வழங்கியது. கட்டுரைகளின் தொகை 2017 மே மாதத்தில் ஓர் இலட்சத்தை எட்டியது. எழுதுவோர்க்கு ஊதியமில்லை, எழுதியதில் அவர் பெயர் தலைப்பின்கீழ் வருவதுமில்லை, எவரும் எழுதலாம், எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னே இரண்டு பக்கங்கள் உண்டு. 'வரலாறு' என்பதில் இன்ன நாளில் இன்னார் இன்னதை மாற்றினார் என்பது முதலெழுத்துத் தொடங்கிப் பதிவாகியிருக்கும். 'உரையாடல்' என்பதில் அம்மாற்றம் பற்றிய வழக்குகள் நிகழும். எல்லாருக்கும் பொதுவான செய்திகளைப் பேசும் இடத்திற்கு 'ஆலமரத்தடி' என்று பெயரிட்டிருக்கின்றனர். பெயரைக் கண்டதும் எனக்கு ஊர்ப்பஞ்சாயத்து நினைவுக்கு வந்தது. உள்ளே சென்று பார்த்தால் அங்கு நிகழ்வதும் ஏறக்குறைய அதுவே.

வழக்குகளுள் நெடியது எழுத்தைப் பற்றியது. நிறுவனத்தின் பெயரே முதலில் 'விக்கிபீடியா' என்று எழுதப்பட்டுப் பின்னர் ஒற்றுமிகுந்து 'விக்கிப்பீடியா' ஆயிற்று. தமிழெழுத்து ஒலிக்கும் முறைப்படி, ஒற்றின்றி எழுதினால் பகரம் மெலிந்து ஒலிக்கும் அன்றோ? இது சிறிய வழக்கு. கிரந்த எழுத்துக்களைக் கொள்ளலாமா, தள்ள வேண்டுமா என்பது பெரிய வழக்கு. வடசொல்லையும் தமிழெழுத்தால் எழுதுக என்ற தொல்காப்பிய நெறியை ஒரு சாரார் எடுத்துக்காட்டினர். பள்ளிப் புத்தகத்திற் காணாத உருவத்தை எழுதினால் மாணவன் கட்டுரையைத் தேடிக் கண்டடைவது எங்ஙனம் என்று மற்றொரு சாரார் வினவினர். இதனோடு கடல் கடந்த வழக்கு வேறுபாடும் சேர்ந்துகொண்டது. நாம் ஜெர்மனி என்போம். ஈழத்தார் யேர்மனி என்பர். தனித்தமிழ் விரும்புவோர் செருமனி என எழுதுவர். நாம் டொராண்டோ என்னும் நகரம் அவர்க்கு ரொறன்ரோ. நம் பாடநூலில் ஆக்சிஜன் என்றிருப்பது அவர் பாடநூலில் ஒட்சிசன்; நம் கார்பன் டை ஆக்சைடு அவர்க்குக் காபனீரொட்சைட்டு. இருவரும் ஆங்கிலச் சொல்லைத்தான் தமிழெழுத்தில் எழுதுகின்றனர். ஆயினும் ஒருவர் எழுதியது மற்றவர்க்கு விளங்கவில்லை! மதுரையானுக்கு ஒட்சிசன் நகைப்பாகத் தோன்றினால், வவுனியாவிலுள்ளவனுக்கு ஆக்சிஜன் அவ்வாறே தோன்றும் என்பதை நம்மவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தொகையில் மிகுந்தோர் நாம் என்பதனால் நம் வழக்கே தமிழ் வழக்கு எனக் கொள்வது நம்மிடம் உள்ள குறை என்றே சொல்வேன்.

இவ்வழக்கு எவ்வாறு தீர்ந்தது எனின், முழுதும் தீரவில்லை. ஆனால் இருவரும் ஒரு கூரையின்கீழ் இருத்தற்கு வழி கண்டனர். கட்டுரைக்கு ஒரு தலைப்புத்தான் இருக்க இயலும். ஏனை வடிவங்களை 'வழிமாற்று' என்னும் பக்கங்களாக்கி, எவ்வடிவில் தேடினாலும் அக்கட்டுரைக்கே வந்து சேருமாறு செய்தனர். முதல் வாக்கியத்திலேயே மாற்றுப் பெயர்களையும் தருவர். எங்கள் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்க. உயர்திணைப் பெயரின் ஈற்று மெய் வல்லினத்தின்முன் இயல்பாகும் என்னும் நன்னூல் விதிப்படி 'ஆழ்வார்திருநகரி' என்பதே தகும். தகரம் மிகுத்து 'ஆழ்வார்த்திருநகரி' என எழுதுவாரும் உளர். அவர் அவ்வாறு தேடி ஒன்றும் காணாது திரும்புவதில் இலக்கணத்திற்கு என்ன ஊதியம்? பாடபேதத்தை அடிக்குறிப்பில் வைப்பது போன்றதே இவ்வழிமாற்று.

இத்தகைய இருகரைப் பிணக்கினை நம் திருச்சபையும் கண்டதுண்டு. யாழ்ப்பாணத்திற் பெர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலர் துணையோடு திருத்திய வேதாகமம் 1850-இல் அச்சிடப்பட்டும் தமிழ்நாட்டிற் பரவவில்லை. பின்னர்ப் பவர் ஐயர் தலைமையிற் குழுவொன்று கூடி உழைத்து, இரு கரையாரின் இசைவும் பெற்ற திருத்தம் 1871-இல் வெளிவந்தது. அக்குழுவில் எந்தச் சொல்லுக்கு யார் இசைந்தார், யார் மறுத்தார் என்பதை எல்லாரும் திறந்து பார்க்கும் 'வரலாறு' என்னும் பக்கம் அந்நாளில் இருந்திருப்பின், நம் வகுப்பில் ஒரு பருவம் முழுதும் அதனையே பாடமாக வைத்திருக்கலாம்.

இனி என் தோல்வியைக் கூறுகின்றேன். நம்மாழ்வார் கலியுகத்து 43-ஆம் நாளில் அவதரித்தார் என்பது வைணவ குருபரம்பரைக் கொள்கை. அச்செய்தி கட்டுரையில் இருக்கக் கண்டு, அதனை நீக்கி, 'கி. பி. 9-ஆம் நூற்றாண்டினர்' என எழுதினேன். வகுப்பிற் கேட்டது அதுவே. ஐயத்திற்கு இடமில்லை என்று எண்ணினேன். மாலைக்குள் ஒருவர் பழையபடி மாற்றிவிட்டார். யான் மீண்டும் மாற்றினேன். அவரும் மீண்டும் மாற்றினார். இதற்குத் 'தொகுத்தல் போர்' என்று பெயர் என்பதைப் பின்னர்த்தான் அறிந்தேன். எதிர்நின்றவர் கோயிலைச் சார்ந்த பற்றுடையார் ஒருவர் என்றும், என்னைக் கிறிஸ்தவன் என எவ்வாறோ அறிந்துகொண்டு தடுக்கின்றார் என்றும் நானே கதை கட்டிக்கொண்டேன். அவர் இதுவரை எழுதியவற்றின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஏறக்குறைய எல்லாம் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய கட்டுரைகள்!

அவர் உரையாடற் பக்கத்தில் எனக்கு எழுதியிருந்தது சுருக்கமானது. தாங்கள் கூறும் காலத்தை யான் மறுக்கவில்லை. அதனைக் கூறியவர் யார், எந்நூலில் என்பதைக் குறிக்க வேண்டுகின்றேன். மரபுவழிச் செய்தியும் ஒரு செய்தியே ஆதலின், அதனை நீக்காது, இன்னார் கொள்கை எனச் சுட்டி எழுதலாமே என்பது அதன் சாரம். யாரிடமிருந்து அறிந்தேன் என்பதற்கு என் கையில் வகுப்புக் குறிப்பேடு ஒன்றே இருந்தது. நூலகத்திற்குச் சென்று தேடியபோதுதான், ஆழ்வாரின் காலம் பற்றி ஆராய்ச்சியாளரும் ஒருமனப்படவில்லை என்பது தெரிந்தது. எட்டாம் நூற்றாண்டு என்பாரும் ஒன்பதாம் நூற்றாண்டு என்பாரும் இருந்தனர். ஐயத்திற்கு இடமில்லை என்று யான் எழுதியது பொய்யாயிற்று. இறுதியில் குருபரம்பரைக் கொள்கை இது, வரலாற்றாசிரியர் கருத்துக்கள் இவை என இரண்டையும் உரியோர் பெயரோடு எழுதினோம்.

இவ்விடத்தில் என் மனத்தை உறுத்திய எண்ணத்தை மறையாது கூற வேண்டும். தோமா அப்போஸ்தலர் கி. பி. 52-இல் இந்நாட்டிற்கு வந்து மயிலாப்பூரில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது நம் மரபு. வரலாற்றாசிரியருட் பலர் அதனை ஐயுறுகின்றனர். வேற்று மதத்து மாணவன் ஒருவன் தன் குறிப்பேட்டை நம்பி அம்மரபினை ஒரே வீச்சில் நீக்கியிருந்தால் யான் பொறுத்திருப்பேனா? 'நடுநிலை நோக்கு' என்று விக்கிப்பீடியர் கூறும் விதி, எல்லாக் கருத்தும் சமம் என்பதன்று. யாருடைய கருத்து என்பதை மறைக்காதே என்பதே அதன் உயிர். மாவட்டம் எது என்பது போன்றவற்றில் இதற்கு வேலையில்லை. ஆழ்வார்திருநகரி 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது; பழைய நூலை நம்பித் திருநெல்வேலி மாவட்டம் என எழுதினால், அது பிழை, அவ்வளவே.

அவ்விதியை முழுதும் ஏற்ற யான், சான்று பற்றிய விதியில் இன்னும் மனம் ஒருப்படவில்லை. எங்கள் ஊர்க் கோயிலிற் கல்லாற் செய்த நாகசுரம் ஒன்று உண்டு. அதனைச் செய்தவரைப் பற்றி எங்கள் தெருவிலுள்ள முதியோர் கூறக் கேட்டதை எழுதினேன். 'சான்று தேவை' என்ற குறிப்பு அதன்மேல் ஏறியது. சின்னாளில் வாக்கியமே நீங்கிற்று. சொந்த ஆய்வும் செவிவழிச் செய்தியும் கலைக்களஞ்சியத்திற்கு ஆகா என்பர். அவ்வாறின்றேல் ஒவ்வொருவரும் தத்தம் பாட்டி கதையை எழுதிவிடுவர் என்பதும் உண்மையே. ஆயினும் அச்சிட்ட நூல்கள் மலிந்த ஐரோப்பிய நகரத்திற்கும், அறிவெல்லாம் வாய்மொழியாக இருக்கும் நம் சிற்றூருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நேர்மையா? இக்கேள்வியை எழுப்பினவன் யான் முதல்வனல்லேன். 2011-இல் அச்சல் பிரபாலா என்பார் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்க மொழியாகிய வட சோத்தோ ஆகியவற்றின் விக்கிப்பீடியர்களோடு சேர்ந்து, ஊரார் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து சான்றாகக் காட்டும் சோதனை ஒன்றை நடத்தினார். அதுபற்றிய விவாதம் ஓயவில்லை. வாய்மொழி பொதுவான சான்றாக ஏற்கப்படவுமில்லை.

தனியொருவரோடு பிணங்குவதினும் பெருநிறுவனத்தோடு பிணங்குவது கடினம். கூகுள் நிறுவனத்தார் 2009 முதலாகத் தம் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, கூலிக்கு ஆளமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளை இந்திய மொழிகளிற் பெயர்த்து இட்டனர். தொகை பெருகியது, தமிழோ தமிழாக இல்லை. உரையாடற் பக்கத்திற் குறை கூறினால் விடையளிப்பாரில்லை. வங்காள விக்கிப்பீடியர் அவற்றை ஏற்க மறுத்தனர். தமிழ் விக்கிப்பீடியர் குறைகளை முறையாக ஆராய்ந்து, 2010-இல் போலந்து நாட்டுக் கடான்ஸ்க் நகரிற் கூடிய விக்கிமேனியா மாநாட்டில் அவ்வாராய்ச்சியை எடுத்துரைத்தனர். நிறுவனத்தாரோடும் பேசிப் பார்த்தனர். ஊதியமின்றி மாலை வேளையில் எழுதும் சிலர், உலகப் பெருநிறுவனத்தை நோக்கி, 'உம் வாக்கியம் தமிழன்று, திருத்துக' என்று கூறியதை நினைக்கும்போது எனக்குப் பெருமிதம் உண்டாகின்றது. ஒருவர்க்கொருவர் எழுத்துக்கும் சொல்லுக்குமாகப் பல்லாண்டு வழக்காடிப் பழகியிராவிடின், எது தமிழ் வாக்கியம் என்பதை அவர்கள் ஒரே குரலிற் கூறியிருப்பார்களா என்பது ஐயமே.

கல் நாகசுரம் பற்றிய என் வாக்கியம் இப்பொழுது கட்டுரையில் இல்லை. 'வரலாறு' பக்கத்தைத் திறந்தால், யான் எழுதிய நாளும் அது நீக்கப்பட்ட நாளும் அதற்குக் கூறிய காரணமும் அங்கே கிடக்கின்றன. வண்ணத்துப்பூச்சிக்காரர் உரையாடற் பக்கத்தில் மீண்டும் எழுதியிருக்கின்றார். கோயிற் சாசனங்கள் அச்சான தொகுதிகளிலேனும், பழைய தலவரலாற்று நூலிலேனும் தேடிப் பார்த்தல் கூடுமோ என்பது அவர் கேள்வி. பங்குனி விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, எங்கள் தெரு முதியோரிடம் மற்றொரு முறை கேட்டுக்கொண்டு, அத்தொகுதிகளையும் புரட்டிப் பார்க்க எண்ணியுள்ளேன்.