வேருடன் வீடு திரும்ப

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். வீட்டில் எல்லோரும் வீகன். இந்தக் குளிர்காலத்தில் கிராமத்துப் பக்கம் இரண்டு நாள் தங்கி, தோட்டத்துக்குப் பழமரக் கன்றுகளும் வாங்கி வர ஆசை. எங்கே போகலாம்?
– வாசகி, லண்டன்

பதில்: கென்ட் மாவட்டத்து ஃபேவர்ஷம் போங்கள். அதையொட்டிய பிராக்டேலில் இங்கிலாந்தின் தேசியப் பழமரத் தொகுப்பு இருக்கிறது. ஆப்பிளில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட ரகங்கள்.

குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. நவம்பர் முதல் மார்ச் வரை மரங்கள் உறக்கத்தில் இருப்பதால், மண்ணை உதறிவிட்டு வெறும் வேரோடு கன்றுகளை விற்பார்கள். தொட்டிக் கன்றைவிட விலை குறைவு, ரகங்களும் அதிகம். அந்தப் பகுதி நாற்றுப்பண்ணைகளில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சிறு தோட்டத்துக்கு ஆப்பிள் வாங்கினால், மரத்தை அதிகம் உயரவிடாத 'எம்26' வேர்க்கன்றில் ஒட்டியதைக் கேளுங்கள். அது கென்ட்டின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் தந்தது.

வேர் காய்ந்தால் எல்லாம் போச்சு. ஈரச் சாக்கில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை கட்டி எடுத்து வாருங்கள். மண் உறைந்திருந்தால் நடாதீர்கள். நடும்போது ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியவேண்டும்.

கடைகளில் பழமரத்துக்கென்று எடுத்துத் தரும் உரம் பெரும்பாலும் மீன், இரத்தம், எலும்புத் தூள் கலந்தது. உங்களுக்கு அது வேண்டாம், கன்றுக்கும் அவசியமில்லை. மேல்மண்ணில் இலைமக்கைப் பரப்பினால் போதும்.

சாப்பாட்டுக்குச் சிரமமில்லை. ஆனால் பப்பில் சிப்ஸ் கேட்குமுன், மாட்டுக் கொழுப்பில் பொரித்ததா என்று விசாரித்துவிடுங்கள்.