ஆம்ப்பை மாற்றும் முன் கை தட்டிப் பாருங்கள்

ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படமெடுக்க வருவதற்கு முன் இசைத்தட்டு விற்றவர். அவர் பிறந்த காரைக்குடியில் பாட்டுக் கேட்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. கிராமஃபோன் இருந்த ஹாலில் இன்று இடுப்புயர டவர் ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. ‘சத்தம் சரியில்லை’ என்றதும் முதலில் மாற்றப்படுவது ஆம்ப்ளிஃபயர்தான். அதைச் சுற்றி உலவும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: வாட் இரட்டித்தால் சத்தமும் இரட்டிக்கும்.

உண்மை: 50 வாட் ஆம்ப்பை எடுத்துவிட்டு 100 வாட் வைத்தால் கூடுவது 3 டெசிபல். காதுக்குக் கொஞ்சம் கூடியதாகத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்கு வாட் 10 மடங்காக வேண்டும். 86 டெசிபல் சென்சிடிவிட்டி (கொடுக்கும் வாட்டுக்கு எழும் சத்தம்) உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 89 டெசிபல் டவர் வாங்கினால், பழைய ஆம்ப்பிலேயே அந்த 3 டெசிபல் கிடைத்துவிடும்.

அசெம்பிள் செட்டில் ‘5000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று ஒட்டியிருந்தால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே 24 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், பெருக்கினால் வருவது 120. தொடர்ந்து அதற்கு மேல் அந்தப் பெட்டியால் தர முடியாது. தொடர்ந்து தரக்கூடிய திறனான ஆர்.எம்.எஸ். வாட்டை மட்டும் கேளுங்கள்.

நம்பிக்கை 2: சின்ன ஆம்ப் போட்டால் ஸ்பீக்கர் எரியாது.

உண்மை: மெதுவாகக் கேட்கிற வரை சரி. விசேஷ வீட்டில் யாரோ ஒருவர் வால்யூமைக் கடைசி வரை திருகும்போதுதான் வம்பு. ஆம்ப்பின் வோல்ட் எல்லையைத் தாண்டியதும் ஒலி அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். அப்போது மேல்சுருதி அதிர்வுகள் பெருகி ட்வீட்டரின் மெல்லிய கம்பிச்சுருளைச் சுட்டுவிடும். கரகரப்புக் கேட்டால் உடனே குறைப்பதுதான் பாதுகாப்பு.

நம்பிக்கை 3: பின்னால் ‘8 ஓம்’ என்றிருந்தால் எந்த ஆம்ப்போடும் சேரும்.

உண்மை: அது ஒரு பொதுவான அடையாள எண். சுருதிக்குச் சுருதி ஓம் ஏறும், இறங்கும். 8 ஓம் வூஃபர்கள் இரண்டைப் பக்க இணைப்பில் (பேரலல்) இணைத்தால் 4 ஓம் ஆகிவிடும். அதே வோல்ட்டுக்கு ஆம்ப் இரட்டை ஆம்பியர் தர வேண்டும். தவில் அடி விழும்போது ஆம்ப் அணைந்து அணைந்து எரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டவரின் ‘குறைந்தபட்ச ஓம்’ எவ்வளவு, ஆம்ப் 4 ஓமுக்கு ஏற்றதா என்ற இரண்டு கேள்விகளைக் கடையில் கேட்டுவிடுங்கள்.

நம்பிக்கை 4: வால்வ் ஆம்ப் என்றாலே இனிமை.

உண்மை: 1978-இல் பிரிட்டனில் குவாட் நிறுவனத்தின் வால்வ் ஆம்ப் ஒன்றையும் டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் இரண்டையும், எது ஓடுகிறதென்று சொல்லாமல் ஒரு குழுவுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் எல்லா வால்வ் ஆம்ப்பும் அப்படியல்ல. சிலவற்றின் வெளியீட்டு மின்தடை அதிகம். ஓம் மிகவும் ஏறியிறங்கும் டவரை மாட்டினால் சில சுருதிகள் தூக்கலாகவும் சில அமுங்கலாகவும் கேட்கும். அது சிலருக்குப் பிடிக்கும். பிடிப்பது வேறு, துல்லியம் வேறு.

நம்பிக்கை 5: மைக் செட் ஆம்ப்பை வீட்டு ஸ்பீக்கருக்கும் போடலாம்.

உண்மை: நீண்ட ஒயரில் பல குழாய் ஸ்பீக்கர்களை ஓட்டுவதற்கான 100 வோல்ட் லைனில் வீட்டு டவரை நேராக மாட்டவே கூடாது. 4 அல்லது 8 ஓம் முனை தனியாக இருந்தால் மட்டும் மாட்டலாம்.

நம்பிக்கை 6: பாட்டு வரிகள் குழம்பினால் ஆம்ப் மட்டம்.

உண்மை: செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி ஹால்தான். ஆத்தங்குடித் தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடியாகத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், எட்டாத உயரத்தில் கூரை. 12 மீட்டர் நீளம், 6 அகலம், 5 உயரமுள்ள அப்படியொரு ஹால் தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு 4 பங்கை மட்டும் உறிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், ஒலி அடங்க நாலரை விநாடி ஆகும். அதற்குள் பாடகர் அடுத்த அடிக்கே போய்விடுவார்.

இந்தக் கணக்கைத் தந்தவர் அமெரிக்க இயற்பியலர் வாலஸ் சபின். ஹார்வர்டில் இதேபோல் ஐந்தரை விநாடி முழங்கிய விரிவுரைக்கூடம் ஒன்றைச் சரிசெய்ய 1895-இல் அவரைப் பணித்தார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். உறிஞ்சுதலுக்கு அவர் வைத்த அலகு, திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பாது.

அந்த வகையில் செட்டிநாட்டு வீட்டில் மருந்து ஏற்கெனவே இருக்கிறது. வளவு என்கிற உள்கட்டின் முற்றம் முழுதும் வானத்துக்குத் திறந்த ஜன்னல். ஹாலிலிருந்து அங்கே போகும் கதவுகளைத் திறந்து வையுங்கள். முற்றத்துக்கு மேல் ஷீட் போட்டு மூடியிருந்தால் இந்தப் பலன் கிடைக்காது. அப்போது தடித்த திரையும் மெத்தையும் கனத்த கம்பளமும்தான் வழி. 60 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்கு ஈடாக அவை உறிஞ்சினால், நாலரை விநாடி ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். ஒற்றை ஜமுக்காளம் மேல்சுருதியைத்தான் அடக்கும். வூஃபர் முழக்கத்துக்குத் தடிமன் தேவை.

ஆகவே கடைக்குக் கிளம்பும் முன் ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். முழக்கம் நீண்டால் முதல் செலவு துணிக்கு, இரண்டாவது டவருக்கு. அதற்குப் பிறகும் குறை இருந்தால் ஆம்ப்பைப் பற்றிப் பேசலாம்.