டம்மிக்கு வலிக்காது

கேள்வி: மகள் தூத்துக்குடியில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் செமஸ்டர் படிக்கிறாள். படிக்க விடாமல் எப்போதும் வார்டுக்கே அனுப்புகிறார்களாம். இது சரியா?
– ஒரு தாய், திரேஸ்புரம்

பதில்: பாடத்திட்டமே அப்படித்தான் அம்மா. இந்திய நர்சிங் கவுன்சிலின் செமஸ்டர் முறையில் ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பு என்றால் வாரம் 1 மணி நேரம். வார்டு என்றால் 4. வகுப்புக்கு 80 சதவீத வருகை போதும். வார்டுக்கு 100. விட்ட நாளை ஈடுகட்டாமல் பட்டம் கிடையாது.

வகுப்பில் பழக வைத்திருக்கும் டம்மிக்கு ஊசி வலிக்காது. திருக்கை முள் குத்திய காலோடு வரும் மீனவர் துடிப்பார். அந்த முள்ளின் விஷம் சூட்டில் அடங்கும் என்பதால், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் காலை வைப்பார்கள். வலிக்கிற காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது; அடிபடாத காலை முதலில் விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். இது புத்தகத்தில் ஒரு வரி. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கைக்கு வரும்.

உப்பளத்து அக்காவின் வெடித்த பாதத்துக்குக் கட்டுப் போட்டு, "நாலு நாள் தண்ணி படாம பாத்துக்கோங்க" என்று உங்கள் மகள் சொல்லிப் பார்க்கட்டும். அவர் சிரிப்பார். பாத்தியில் இறங்காமல் கூலி ஏது?

ஒன்று மட்டும் விசாரியுங்கள்: வார்டில் ஆசிரியை கூடவே நிற்கிறாரா? 10 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. வெறுமனே பெட்ஷீட் மாற்ற விடுகிறார்கள் என்றால், கல்லூரியில் போய்த் தாராளமாகக் கேளுங்கள்.